மேகத்தைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் முடிக்கும் உங்கள் மகள், நட்சத்திரம் பிறக்கும் வாயு மேகங்களைத்தான் ஆராய்வேன் என்று நிற்கிறாள், அது சோறு போடுமா என்று கேட்டீர்கள்.

முதலில் அது என்ன வேலை என்று பார்ப்போம். அந்த மேகங்களின் உள்ளே சுமார் மைனஸ் 263 டிகிரி குளிர். தூசி மறைப்பதால் கண்ணுக்கு வெறும் இருட்டு. அங்கே அதிகம் இருப்பது ஹைட்ரஜன் மூலக்கூறு, ஆனால் அந்தக் குளிரில் அது வாயே திறக்காது. அதனால் கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடு 115 கிகாஹெர்ட்ஸில் அனுப்பும் ரேடியோ அலையைப் பிடிக்கிறார்கள். மிக அடர்த்தியான இடத்தில் அதுவும் தூசியின் மேல் பனியாக உறைந்துவிடும். அப்போது அம்மோனியாவைத் தேடுவார்கள். மேகத்தின் வெப்பநிலையையும் அதை வைத்தே கணக்கிடலாம்.

ஊட்டியிலேயே தொலைநோக்கி இருக்கிறதே என்றீர்கள். அது கேட்பது இதைவிட மிகக் குறைந்த அதிர்வெண், 326.5 மெகாஹெர்ட்ஸ்; இந்த அலைகள் அதன் காதில் விழாது. கார்பன் மோனாக்சைடு அலையைப் பிடிக்கும் பெரிய கருவி சிலியில், அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆண்டெனாக்களோடு நிற்கும் அல்மா. பயப்படாதீர்கள், யாரும் சிலிக்குக் குடிபோக வேண்டாம். அங்கே எடுத்த தரவுகள் பெரும்பாலும் ஓராண்டு கழித்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படும். அதைப் படமாக்கும் 'காசா' என்ற மென்பொருளுக்கும் காசு கிடையாது.

சரி, பண விஷயம். எம்.எஸ்சி. இரண்டு வருடம், அப்புறம் பிஎச்.டி. ஐந்து வருடமாவது ஆகும். ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அதற்குப் பின் பெரும்பாலும் வெளிநாட்டில் சில வருடம் தற்காலிக வேலை. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, முப்பத்தைந்து வயதுவரை காத்திருக்க நேரலாம். இரைச்சலுக்குள்ளிருந்து சிக்னலைப் பிரித்தெடுக்கும் பழக்கமும் பைத்தான் என்ற கணினி மொழியும் கைவசம் இருந்தால், நடுவில் விலகினாலும் தரவு அறிவியல் பக்கம் போய்விடலாம். ஆனால் வீட்டுக் கடன் அவள் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறது என்றால், அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை, பிள்ளைகளை உடைப்பது பாடமல்ல, பாதியில் தெரியவரும் இந்த மாதிரிக் கணக்குகள்தான்.

இந்தக் கோடை விடுமுறையில் அவள் ஒரே ஒரு மேகத்தின் தரவை இறக்கி, வரைபடமாக்கிப் பார்க்கட்டும். பத்து முறை பிழை காட்டினாலும் பதினோராவது முறை உட்காருகிறாளா என்று கவனியுங்கள். உட்கார்ந்தால், செப்டம்பர் வாக்கில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐ.ஐ.டி. ஜாம் நுழைவுத் தேர்வு விண்ணப்பம் தொடங்கும்போது என்னிடம் அழைத்து வாருங்கள்.