சுவைத்துப் பார்க்காமல், பாட்டிலையும் லேபிளையும் மட்டும் பார்த்து நல்ல ஒயினைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். வாயில் வைத்தால் எப்படி இருக்கும் என்பதை முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் இனிப்பா இல்லையா, யார் கையில் உருவானது, எந்த மண்ணிலிருந்து வந்தது, வரும் வழியில் கெட்டுப்போயிருக்குமா ஆகியவற்றைக் கடையில் நின்றபடியே கணித்துவிடலாம்.

அதற்கு ஒரு பழக்கம் வேண்டும். லேபிளில் சில வரிகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை, மற்றவை விற்பவரின் விருப்பம். கோட்டைப் படம், தங்க எழுத்து, மெழுகு முத்திரை, உள்ளங்கையில் கனக்கும் கண்ணாடி எல்லாம் இரண்டாவது வகை. சட்டம் கேட்கும் விவரங்கள் பெரும்பாலும் பொடி எழுத்தில், பின்பக்கத்தில் இருக்கும். அதனால் பாட்டிலை எடுத்தவுடன் திருப்புங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஆல்கஹால் சதவீதம். பலரும் இதைப் போதைக் கணக்காகவே பார்க்கிறார்கள், உண்மையில் அது இனிப்புக் கணக்கும்கூட. திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் 1 சதவீதம் ஆல்கஹால் வரும். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்தச் சாறு முழுவதும் நொதித்திருந்தால் 11 சதவீதம் வந்திருக்கும் என்று வையுங்கள். லேபிளில் 8 சதவீதம்தான் இருக்கிறது என்றால் நொதித்தலை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று சதவீதத்துக்கு உரிய சர்க்கரை, அதாவது லிட்டருக்கு 50 கிராம் அளவு, பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே 7.5 முதல் 9 சதவீதம் போட்ட மோசல் ரீஸ்லிங் இனிப்பாக இருக்கும். 12 சதவீதம் போட்டது இனிப்பில்லாதது.

இங்கேதான் 'கபினெட்', 'ஷ்பேட்லீசே', 'அவுஸ்லீசே' போன்ற சொற்கள் ஆளைக் குழப்பும். அவை அறுவடையின்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதைச் சொல்கின்றனவே தவிர, பாட்டிலில் எவ்வளவு இனிப்பு எஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஷ்பேட்லீசேயுடன் 'ட்ரோக்கன்' என்று சேர்ந்திருந்தால் அது இனிப்பில்லாத ஒயின். அந்தச் சொல்லுக்குச் சட்ட வரம்பு உண்டு: மீதச் சர்க்கரை லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம், அதுவும் புளிப்பு அதற்கு ஈடாக இருந்தால்தான்.

இந்தக் கணக்கை எல்லா ஒயினுக்கும் பொருத்த முடியாது. போர்த்துகலின் போர்ட் ஒயினில் நொதிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிடுவார்கள். அதனால் 20 சதவீத ஆல்கஹாலும் இருக்கும், தித்திப்பும் இருக்கும். அதே நாட்டின் வின்யோ வெர்டே என்ற ஒயின் சர்க்கரை குறைவான திராட்சையில் செய்வது. ஆல்கஹால் குறைவாக இருந்தும் பெரிய இனிப்பு இருக்காது.

ஐரோப்பிய ஒயினாக இருந்தால் இப்போது இன்னொரு வசதி வந்திருக்கிறது. 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரிக்கப்பட்டவற்றில் சேர்மானமும் ஊட்டச்சத்து விவரமும் தர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். பெரும்பாலோர் பின் லேபிளில் ஒரு க்யூஆர் கோடாகப் போடுகிறார்கள். போனில் ஸ்கேன் செய்து, 100 மி.லி.க்கு எவ்வளவு 'சர்க்கரை' என்ற வரியைப் பாருங்கள், பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும். மேலே உள்ள கார்போஹைட்ரேட் வரியைப் பார்க்காதீர்கள். அதில் சர்க்கரை அல்லாத கிளிசராலும் சேர்ந்திருப்பதால் எண் கூடுதலாகத் தெரியும்.

ஷாம்பெயின் வகைகளில் இனிப்பின் அளவை முன்னாலேயே எழுத வேண்டும் என்பது சட்டம், ஆனால் சொற்கள் ஏமாற்றும். 'ப்ரூட்' என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள். 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் 12 முதல் 17 வரை, அதாவது ப்ரூட்டைவிட இனிப்பு கூடுதல். 'டெமி செக்' 32 முதல் 50 வரை.

அடுத்தது, யார் பாட்டிலில் அடைத்தார்கள் என்ற வரி. பிரெஞ்சு ஒயினில் 'மிஸ் ஆன் பூத்தேய் ஓ ஷாத்தோ' அல்லது 'ஓ தோமேன்' என்றிருந்தால், திராட்சை வளர்த்த பண்ணையிலேயே ஒயின் செய்து அங்கேயே அடைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் பிரான்சின் போர்தோ வட்டாரத்துப் பெரிய பண்ணைகள்கூடப் பீப்பாயாகவே வியாபாரிகளுக்கு விற்றுவந்தன. 1924-இல் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட் பண்ணையை நடத்திய பரோன் பிலிப் முழு அறுவடையையும் பண்ணையிலேயே அடைக்கத் தொடங்கிய பிறகுதான் இது பரவியது. வெறும் ஊர்ப் பெயரும் நிறுவனப் பெயரும் மட்டும் இருந்தால் அது பலரிடம் வாங்கிக் கலந்த வியாபாரியின் ஒயினாக இருக்கலாம். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். பிரான்சின் இன்னொரு வட்டாரமான பர்கண்டியில் லூயி ஜாதோ, ஜோசப் த்ரூஆன் போன்ற வியாபார நிறுவனங்களின் ஒயின்கள் அருமையானவை. ஆனால் பெயர் கேள்விப்படாத வியாபாரி, லேபிளில் அரண்மனைப் படம், அடைத்த இடம் விளைந்த வட்டாரத்தைவிட்டு வெகுதூரம் என்று மூன்றும் சேர்ந்தால் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடலாம். ஷாம்பெயினில் இதற்கு இரண்டெழுத்துக் குறியே உண்டு: ஆர்.எம். என்றால் தன் திராட்சையில் தானே செய்யும் விவசாயி, என்.எம். என்றால் திராட்சை வாங்கிச் செய்யும் நிறுவனம், சி.எம். என்றால் கூட்டுறவு.

ஊர்ப் பெயர்களில்தான் அதிகப் பணம் வீணாகிறது. பர்கண்டியில் ஷாம்பெர்த்தான் என்பது ஒரு திராட்சைத் தோட்டம், கிரான் க்ரூ என்ற உச்சத் தகுதி பெற்றது. அது இருக்கும் ஜெவ்ரே கிராமம் 1847-இல் தோட்டத்தின் புகழைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான் ஆனது. புலிஞியும் ஷசாஞும் 1879-இல் மோன்ராஷே என்ற தோட்டப் பெயரை அதேபோல் சேர்த்துக்கொண்டன. ஆகவே 'ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான்' என்று மட்டும் இருந்தால் அது கிராம ஒயின், 'ஷாம்பெர்த்தான்' என்று தனியாக இருந்தால் கிரான் க்ரூ. நடுவில் கோடு இருந்தாலே கிராமம் என்றும் முடிவுகட்ட முடியாது: ஷார்ம்-ஷாம்பெர்த்தான் ஒரு கிரான் க்ரூ தோட்டம். 'கிரான் க்ரூ' என்ற சொல் அச்சில் இருக்கிறதா என்று தேடுவதுதான் பாதுகாப்பு. அதுவும் பர்கண்டியில் மட்டும். போர்தோ பக்கம் சான்த் எமிலியோனில் 'கிரான் க்ரூ' பலருக்கும் கிடைக்கும் பெயர், தரவரிசையில் இடம்பெற்றவை 'கிரான் க்ரூ கிளாசே' என்று போட்டுக்கொள்ளும். 'கிரான் வேன் த போர்தோ' என்பதற்குத் தரவரிசையே கிடையாது.

ஜெர்மனியிலும் இதே வலை உண்டு. பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரொப்ஃப்ஷென் என்பது பீஸ்போர்ட் ஊரின் செங்குத்தான, பேர்பெற்ற தோட்டம். பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க் என்பது 1971 ஒயின் சட்டத்தின்படி சுற்று வட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டிய பெரிய பகுதி. இரண்டும் லேபிளில் ஒரே தோரணையில் நிற்கும், விலை வேறுபாட்டைப் பார்த்துத்தான் பலர் சந்தேகப்படுகிறார்கள். ஜெர்மன் பாட்டிலின் மூடியுறையில் திராட்சைக் குலை ஏந்திய கழுகு இருந்தால் அது வி.டி.பி. என்ற பண்ணையாளர் சங்கத்தின் சின்னம், நம்பி எடுக்கலாம்.

'ரிசர்வா' என்ற சொல்லுக்கு ஸ்பெயினில் கனம் உண்டு. அந்நாட்டின் ரியோஹா வட்டாரச் சிவப்பு ஒயினில் ரிசர்வா என்றால் மொத்தம் 3 ஆண்டு முதிர்வு, அதில் குறைந்தது ஓராண்டு ஓக் பீப்பாயில். கிரான் ரிசர்வா என்றால் 5 ஆண்டு, அதில் 2 ஆண்டு பீப்பாய். அமெரிக்க, ஆஸ்திரேலிய லேபிளில் 'ரிசர்வ்' என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. பிரான்சின் 'வியேய் வீஞ்', அதாவது பழங்கொடி என்பதற்கும் கொடியின் வயது வரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. பதக்க ஸ்டிக்கர் இருந்தால் அது இந்த அறுவடை ஆண்டுக்குக் கிடைத்ததா என்று பாருங்கள்.

அறுவடை ஆண்டு எளிய வெள்ளை, ரோஸே ஒயின்களுக்கு மிக முக்கியம், இரண்டு ஆண்டுக்குள் இருப்பதை எடுங்கள். பூமியின் தென்பாதியில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை நடப்பதால், ஒரே ஆண்டு போட்டிருந்தாலும் சிலி ஒயின் பிரெஞ்சு ஒயினைவிட அரை ஆண்டு மூத்தது. நாசிக் ஒயினுக்கும் இதே கணக்குதான், அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை பறிப்பார்கள்.

இனி பாட்டில். வடிவம் குடும்பத்தைக் காட்டும். உயர்ந்த தோள் போர்தோ வழி, கேபர்னே சாவிஞோன், மெர்லோ திராட்சை வகைகள். சரிந்த தோள் பர்கண்டி வழி, பினோ நுவா, ஷார்டனே. ஒல்லியாக நெடிதுயர்ந்தது ஜெர்மனி, அல்சாஸ். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள புது ஒயின் நாடுகளில் தயாரிப்பாளர் எந்தப் பாணியை மனதில் வைத்தார் என்பதற்கு இது நல்ல தடயம். எடையும் அடிக்குழியும் தரத்தைக் காட்டாது. ஷாம்பெயினுக்கு மட்டும் நியாயம் உண்டு: உள்ளே 5, 6 வளிமண்டல அழுத்தம் இருப்பதால் கண்ணாடி தடிமனாக வேண்டும், வழக்கமான பாட்டில் 835 கிராம். சாதாரண ஒயின் பாட்டில் ஒரு கிலோ எடையுடன் இருந்தால் நீங்கள் கண்ணாடிக்கும் கப்பல் கூலிக்கும் பணம் கொடுக்கிறீர்கள்.

பாட்டிலில் கண்ணாடியின் நிறம் மட்டும் நிஜமாகவே வேலை செய்யும் உறுப்பு. புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் பட்டால் ஒயினில் உள்ள ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் தூண்டப்பட்டுக் கந்தகச் சேர்மங்கள் உருவாகும், வெந்த முட்டைக்கோஸ் வாடை வரும். பழுப்புக் கண்ணாடி நன்றாகத் தடுக்கும், பச்சை ஓரளவு, நிறமற்றது கிட்டத்தட்ட இல்லை. லூயி ரோதரேர் நிறுவனத்தின் கிறிஸ்டல் ஷாம்பெயின் தெளிந்த பாட்டிலில் வருவதால்தான் அதை மஞ்சள் தாளில் சுற்றி விற்கிறார்கள், அந்தத் தாளைக் கழற்றி அடுக்கிய கடையில் அதை வாங்காதீர்கள்.

கடைசிச் சோதனையை விரலாலும் கண்ணாலும் செய்ய வேண்டும், நம் வெயிலுக்கு இது இன்னும் அவசியம். மூடியுறையின் உச்சியைக் கட்டைவிரலால் தடவுங்கள். கார்க் மேலே புடைத்திருந்தால் சூட்டில் ஒயின் விரிந்து அதைத் தள்ளியிருக்கிறது. உறையின் விளிம்பில் பிசுபிசுப்போ காய்ந்த கசிவோ இருந்தாலும் அதே கதை. பிறகு பாட்டிலை நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். இளம் ஒயினில் கார்க்கின் அடிக்கும் ஒயினுக்கும் இடையே ஒன்று, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வெற்றிடம் இருக்கக்கூடாது. இளம் வெள்ளை ஒயின் தேன்பழுப்பாகத் தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது. அடியில் கல்கண்டுத் துகள்போல் மின்னினால் பயப்பட வேண்டாம், அது குளிரில் படிந்த டார்ட்டாரிக் உப்பு, கேடில்லை. இத்தனையும் சரியாக இருந்தாலும், விளக்குக்கு நேர் கீழே மேல்தட்டில் நிற்கும் பாட்டிலை விட்டுவிட்டு, அட்டைப் பெட்டியில் இன்னும் பிரிக்காமல் படுத்திருக்கும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.