வாழ்த்து மடலில் என்ன எழுதுவது?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, கடைமடை. ஊரே ‘சேர்மன்’ என்று கூப்பிடும் ஒருவர் இங்கே இருக்கிறார். ஒன்றியத் தலைவர் பதவி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ரைஸ் மில், கல்யாண மண்டபம் எல்லாம் உண்டு. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் சீட் கிடைக்கும் என்று பேச்சு. ஜனவரி 26 கிராம சபையில் நீர்நிலை ஆக்கிரமிப்பைப் பற்றி அரை மணி நேரம் உருக்கமாகப் பேசினார். அவருடைய மண்டபத்துக்கு வரும் கார்கள் நிற்பதோ வடிகாலின் மேல். மண்ணைக் கொட்டி மேடாக்கி, பேருக்கு ஒரு குழாய் பதித்திருக்கிறார்கள். கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாமல் எங்கள் பக்கத்துச் சம்பா முழுக்க அழுகிப்போனது.

இந்த மாதம் பள்ளிக்கூட ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் அவர்தான். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவள் என்பதால் வாழ்த்து மடலை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் ‘நீர்நிலைக் காவலர்’ என்ற பட்டம் இருக்க வேண்டுமாம். என் மகளுக்கு முதல் வருஷக் காலேஜ் ஃபீஸ் கட்டியதும் அவர்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கொல்லைச் சுவரும் அதே வடிகால் கரைக்குள் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறது. ‘நம்ம யோக்கியதைக்கு அவரைக் கேக்கப் போறியா’ என்கிறார் வீட்டுக்காரர். நான் என்ன செய்ய?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மடலை எழுதுங்கள், பட்டத்தை எழுதாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு அவர் என்னென்ன செய்திருக்கிறார் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பெஞ்சு வாங்கிக் கொடுத்திருப்பார், சைக்கிள் கொட்டகை போட்டிருப்பார். அதையெல்லாம் வருஷத்தோடு எழுதி மனசார நன்றி சொல்லுங்கள். பட்டம் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், “குழு கூடித் தீர்மானம் போட்டுக் கையெழுத்துப் போடுங்க சார், எழுதிடறேன்” என்று சொல்லுங்கள். கையெழுத்து என்றதும் பாதிப் பேருக்குப் பட்டத்தின் மேல் ஆசை போய்விடும். மீதிப் பேர் வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்ளட்டும்.

அப்புறம் அந்த அரை மணி நேரப் பேச்சு. கடிதத்தைப் படித்தால் அழுகிய சம்பாவை விட அந்தப் பேச்சுதான் உங்களை அதிகம் சுட்டிருக்கிறது என்று தெரிகிறது. எனக்கும் சுட்டிருக்கும். ஆனால் பெரிய மனிதர்களின் இரட்டை வேஷம் நம் ஊர்களில் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. ‘படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்’ என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரிப்பார்கள். மறுநாள் அதே நாலு பேர் கல்யாணத் தேதியைக் குறித்துக்கொண்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க நிற்பார்கள். சிரித்ததிலேயே தண்டனை கொடுத்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி. இதில் அவருக்கு என்ன நஷ்டம்?

நாளைக்கே அவர் ‘இனிமேல் நீர்நிலை பற்றி வாயே திறக்க மாட்டேன்’ என்று நிறுத்திவிட்டார் என்று வையுங்கள். சொல்லுக்கும் செயலுக்கும் இருந்த முரண்பாடு தீர்ந்துபோகும். வடிகால் திறந்துவிடுமா? பேச்சே பேசாமல் வடிகாலை அடைத்தவர்கள் அந்தக் கரை நெடுக இருக்கத்தான் இருக்கிறார்கள். அவர்கள் மேல் உங்களுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை, பாருங்கள்.

அதனால் அவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ‘எப்படிப்பட்டவர்’ என்று ஆரம்பித்தால் அது எப்போதும் பணக்காரருக்குச் சாதகமாகத்தான் முடியும். உங்களுக்குப் பக்கத்திலேயே நடந்தது இது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதாரர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, இவ்வளவு நிலபுலன் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது. முதல் எதிரி, அதாவது முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், கார் வைத்திருப்பவர் என்பதும் அதில் வந்தது. ஒருவரிடம் கார் இருப்பது அவருக்கு நற்சாட்சிப் பத்திரமாக ஆன கதை. உங்கள் சேர்மனை அதோடு ஒப்பிடவில்லை. ‘பெரிய மனுஷன் இதைச் செய்வாரா’ என்ற யோசனை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

குணத்தை விட்டுக் கணக்கைக் கேட்டால் கதை வேறு. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், உத்திரமேரூர்க் கல்வெட்டில் வாரியத்துக்கு, அதாவது ஊர்க் காரியம் பார்க்கும் குழுவுக்கு, ஆள் எடுக்கும் விதிகளை வெட்டி வைத்தார்கள். எந்த வாரியத்தில் இருந்தவரானாலும் கணக்குக் காட்டாமல் போனால் மறுபடி குடவோலையில் (குடத்தில் போட்டுக் குலுக்கி எடுக்கும் ஓலையில்) அவர் பெயரை எழுதக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவுக்காரர்கள் பெயரையும் எழுதக் கூடாது. மச்சானை நிறுத்தி ஜெயிக்க வைக்கும் வேலை ஆயிரம் வருஷம் முன்பே இருந்திருக்கும் போல! (அது பிராமணர் சபை. நிலமில்லாதவருக்கு அதில் இடமில்லை. ‘அந்தக் காலத்து ஜனநாயகம்’ என்று மேடையில் உருகுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

நம் காலத்துக்கு வந்தால், ஜெயலலிதா மேல் நடந்த 1991–96 சொத்துக் குவிப்பு வழக்கு. வருமானம் எவ்வளவு, சொத்து எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்த்த வழக்குதான் அது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2017 பிப்ரவரி 14-ல் வந்தது. முதல் எதிரியான அவர் அதற்கு இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டார், மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள். இருபது வருஷம் என்பது கொடுமையான தாமதம், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைக் கையில் எடுத்தவர்கள் அந்த இடம் வரைக்கும் போக முடிந்தது.

சரி, காலேஜ் ஃபீஸ். அவர் கொடுத்தது அவர் பணம். அதற்கு நீங்கள் நன்றிக்கடன் பட்டவர்தான். முடிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுங்கள், வாங்க மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். வடிகால் அவருடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. அங்கே சம்பா அழுகிய மற்ற வீடுகளுக்காக அவரை மன்னித்துவிட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இரண்டடிச் சுவரைத்தான் நான் நிறைய யோசித்தேன். யோக்கியன் மட்டும்தான் கேட்கலாம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை ஏற்றுக்கொண்டால் ஊரில் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது. அது யாருக்கு வசதி என்று அவரிடமே கேளுங்கள். தண்ணீரை மறித்த மேடும் கரையை அரித்த சுவரும் ஒரே அளவுத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் சுவரை முதலில் நீங்களே எடுத்துவிடுங்கள். காரணம் தர்மம்கூட இல்லை. சர்வேயர் வந்தால் செயின் உங்கள் கொல்லையிலும் விழும். மனு கொடுத்த மறுநாளே சேர்மன் தரப்பு அந்தச் சுவரைத்தான் போட்டோ எடுக்கும். எடுக்க ஒன்றும் இல்லாமல் செய்துவிடுங்கள். செலவாகும், வீட்டுக்காரர் நாலு நாள் முகம் தூக்குவார்.

அதற்குப் பிறகு காகித வேலை. மண்டபத்தின் சர்வே எண்ணையும் வடிகாலின் சர்வே எண்ணையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அந்த எண் என்ன வகைப்பாடு என்பதைத் தமிழக அரசின் நிலப் பதிவு இணையதளத்திலேயே யாரும் பார்க்கலாம். வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தில் வடிகாலின் அகலம் தெரியும். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். இந்த எண்ணில் ஆக்கிரமிப்பு பற்றிக் கடைசியாக எப்போது அளந்தார்கள், நோட்டீஸ் கொடுத்தார்களா, நகல் வேண்டும். அவ்வளவு போதும். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கோபமாகக் கேட்காதீர்கள். ‘ஏன்’ என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று ஒரு வரியில் பதில் போட்டு மூடிவிடுவார்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. அளந்த பிறகு ஆக்கிரமிப்பு என்று தெரிந்தால் நோட்டீஸ் கொடுத்து அகற்ற 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. ஒருவேளை அளந்து பார்த்து, மேடு அவர் பட்டா நிலத்தில்தான் இருக்கிறது என்று வந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள்.

அவருக்குச் சீட் கிடைத்தால் இன்னொரு வழியும் திறக்கும். 2002 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வழியாக வந்ததுதான் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரம். வழக்கு, சொத்து, அரசுக்குப் பாக்கி எல்லாம் அதில் வரும். நிலமும் வணிகக் கட்டடமும் எந்த சர்வே எண்ணில் இருக்கின்றன என்பதையும் எழுத வேண்டும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் படிக்கலாம். பொய் சொன்னாலோ மறைத்தாலோ ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அப்போது உங்கள் கையில் உள்ள அ-பதிவேட்டு நகல் பேசட்டும்.

தனியாகப் போகாதீர்கள். பயிர் போனவர்களில் பத்துப் பேராவது கையெழுத்துப் போடட்டும். கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் நாலு பேர் முன்னால் பதிவாகும். மார்ச் 22 கிராம சபையில் வடிகாலை அளக்க வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். சேர்மன் வந்திருந்தால் இன்னும் நல்லது. ஜனவரியில் அவர் பேசியதை யாரும் குத்திக்காட்ட வேண்டாம். “ஐயா சொன்ன மாதிரியே அளந்து கல் போடணும்னு கேக்குறோம்” என்று முன்மொழியுங்கள். எதிர்க்க அவருக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஆண்டு விழாவுக்கு முன்பா பின்பா என்று கேட்பீர்கள். பின்பு. பிள்ளைகள் விழாவில் இந்தச் சண்டை வேண்டாம். ஆனால் சித்திரையைத் தாண்ட விடாதீர்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர்வார பொக்லைன் வரும். வரும் நேரத்தில் அந்த மேட்டுக்கு அளவுக்கல் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்டபம் வரைக்கும் வாரிவிட்டு வண்டி திரும்பிப் போய்விடும்.