ஸ்டேப்ளர் அடிக்கடி சிக்கிக்கொள்வது ஏன்?

கேள்வி: பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். திங்கட்கிழமை தோறும் தருமபுரி கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு போகிறவர்கள் காலையிலேயே வந்து நிற்பார்கள். அந்த அவசரத்தில்தான் என் 10-ஆம் நம்பர் ஸ்டேப்ளர் சிக்கிக்கொள்கிறது. மூன்று மாதத்தில் இரண்டு மாற்றிவிட்டேன். பின் போடுவதில் தவறு செய்கிறேனா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: பின் போடுவதைவிட, ஒரே அடியில் எத்தனை தாள்களைச் சேர்க்கிறீர்கள் என்பதையே நான் முதலில் சந்தேகிப்பேன். ஸ்டேப்ளரின் உள்ளே பசையால் ஒட்டிய பின் பட்டையை ஒரு ஸ்பிரிங் முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அழுத்தும்போது மேலிருந்து இறங்கும் மெல்லிய இரும்புத் தகடு முன்னால் நிற்கும் ஒரே ஒரு பின்னைப் பட்டையிலிருந்து பிரித்துத் தாளுக்குள் இறக்க, அடியில் இருக்கும் இரண்டு குழிகள் கொண்ட தகடு, கொல்லரின் அடைகல்லைப் போல நின்று, துளைத்து வரும் கால்களை உட்பக்கமாக மடக்கிவிடுகிறது.

10-ஆம் நம்பர் பின்னின் கால் 5 மில்லிமீட்டர் நீளம். ஜெராக்ஸ் தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்பதால், 15 தாள்களுக்கு 1.5 மில்லிமீட்டர் போக, மடங்குவதற்கு 3.5 மில்லிமீட்டர் மிஞ்சும். மனு, ஆதார் நகல், பட்டா, சிட்டா, பழைய மனுக்களின் நகல் என்று சேர்ந்து 30 தாள்களாகிவிட்டால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர்தான். அதற்குள் அந்த மெல்லிய கம்பி தாளைத் துளைக்க முடியாமல் நடுவழியில் வளைந்து, வாய்க்குள்ளேயே நெளிந்து நின்றுவிடும். நீங்கள் சொல்லும் சிக்கல் பெரும்பாலும் இதுதான். அத்தகைய கட்டுகளுக்கு 24/6 பின் போடும் பெரிய ஸ்டேப்ளர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணில் 24 என்பது கம்பியின் கேஜ், 6 என்பது காலின் நீளம். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும் என்பதால், 26/6 பின் அதைவிட மெல்லியது. இன்னும் கனமான கட்டாக இருந்தால், பஞ்ச் செய்து டேக் நூல் கட்டிக் கொடுப்பதே நல்லது.

பின் போடும்போது மேல்மூடியை முழுவதுமாகப் பின்னுக்குத் திறங்கள். 10-ஆம் நம்பரில் அதோடு சேர்ந்து தள்ளுகட்டையும் பின்வாங்கும். பட்டையைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து மூடினால் போதும். உடைந்த துண்டுகளைச் சேர்த்து நிரப்பாதீர்கள், ஏனெனில் அவற்றில் ஒன்று சாய்ந்தாலும் அடுத்த அடியிலேயே சிக்கும். அழுத்தும்போது தட்டாமல், ஒரே சீராக அடிவரை அழுத்துங்கள். பாதியில் கையை எடுத்தால் பின் அரைகுறையாக இறங்கி, அடுத்த பின்னுக்கு வழியை அடைத்துவிடும்.

சிக்கிக்கொண்டால் முதலில் மூடியைத் திறந்து பட்டையை வெளியே எடுத்துவிட்டு, வாயின் மெல்லிய பிளவில் ஊசி முனையை விட்டு நெளிந்த பின்னைக் கீழிருந்து நெம்புங்கள். விரலை வாய்க்கு நேராக வைக்க வேண்டாம். நீங்கள் மாற்றிய இரண்டு ஸ்டேப்ளர்களையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், அவற்றின் வாயையும் ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அரைத் துண்டுக் கம்பி ஏதாவது அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால், அதை எடுத்தவுடன் அவை மறுபடியும் வேலை செய்யக்கூடும்.