கர்தினால் என்றால் குருவானவர்தானா?

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு பிரான்ஸ் பற்றிய வரலாற்று நூலை மொழிபெயர்த்து வருகிறேன். கர்தினால் மசாரினை ‘அருட்தந்தை’ என்று எழுதலாமா? ‘செக்குலர் பிரீஸ்ட்’ என்பதற்கு ‘மதச்சார்பற்ற குரு’ என்று போட்டிருக்கிறேன், சரியா?

பதில்: இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

பின்னாளில் பிரான்சின் முதலமைச்சரான மசாரின் 1641இல் கர்தினால் ஆனார். 1661இல் இறக்கும்வரை குருப்பட்டம் பெறவே இல்லை. அவர் திருப்பலி நிறைவேற்றுவதாக உங்கள் பிரதியில் ஒரு வரி இருந்தால் உடனே அடித்துவிடுங்கள். அவருக்கு முன்பு முதலமைச்சராக இருந்த ரிஷலியூவின் கதை வேறு. அவர் 1607லேயே லூசோன் மறைமாவட்ட ஆயராக (பிஷப்) திருநிலைப்படுத்தப்பட்டவர். கர்தினால் ஆனது 1622இல். இருவரையும் ஒரே அடைமொழியில் அடக்க முடியாது.

திருநிலையில், அதாவது சடங்கு வழியாகத் திருப்பணிக்கு நியமிக்கப்படுவதில், மூன்றே படிகள்: திருத்தொண்டர் (டீக்கன்), குரு, ஆயர். கர்தினால் என்பது நான்காவது படி அல்ல, திருத்தந்தை (போப்) வழங்கும் பதவி. லத்தீனில் ‘கார்டோ’ என்றால் கதவின் கீல். அதிலிருந்து வந்த சொல் இது. ரோமாபுரித் திருச்சபையின் முக்கியக் குருக்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும் அக்கம்பக்கத்து ஆயர்களுக்கும் வழங்கிய பெயர். 1059இல் திருத்தந்தை 2ஆம் நிக்கோலாஸ், தமக்குப் பின் வருவோரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் கர்தினால்-ஆயர்களை முன்னிறுத்திய பிறகுதான் பதவியின் செல்வாக்கு ஏறியது. கர்தினால்-ஆயர், கர்தினால்-குரு, கர்தினால்-திருத்தொண்டர் என்ற வகுப்புப் பெயர்கள் இன்றும் தொடர்கின்றன. இவற்றை நம்பி ஏமாறாதீர்கள்: மறைமாவட்டத்தை ஆளும் பேராயர்கூட ‘கர்தினால்-குரு’ வகுப்பில் இருப்பார்.

ஆகவே முதலில் ஆண்டைப் பாருங்கள். கர்தினால் ஆகிறவர் குருவாகவாவது இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் விதித்தது 1917இல்தான். ஆயர் திருநிலை வேண்டும் என்பது 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் கொண்டுவந்த விதி. விலக்கு பெற்றவர்களும் உண்டு.

மசாரின் குளுனி மடத்தின் தலைவர் என்றும் மூலத்தில் வரக்கூடும். ‘மடாதிபதி’ என்று போட்டால் நம் வாசகர் துறவி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வார். மசாரினோ துறவியே அல்ல. மடத்தின் வருமானத்தை அனுபவிக்கும் உரிமையுடன் தரப்பட்ட நியமனம் அது. ‘மடத்தின் வருவாய்க்கு உரிமை பெற்ற தலைவர்’ என்று விரித்து எழுதுவதே நேர்மை. பெயருக்கு முன் ‘கர்தினால்’ மட்டும் போதும்.

இனி அந்த ‘மதச்சார்பற்ற குரு’. படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்! மதமே சாராத குருவுக்குத் திருச்சபையில் என்ன வேலை? ‘செக்குலம்’ என்ற லத்தீன் சொல் இங்கே உலகத்தைக் குறிக்கிறது. துறவற சபையில் சேராமல், மக்கள் நடுவே ஆயருக்குக் கீழ் பணியாற்றுகிறவர் என்று பொருள். ‘மறைமாவட்டக் குரு’ என்று எழுதுங்கள். எதிர்ப்பதம் ‘துறவறக் குரு’.

நூலில் சீர்திருத்தச் சபையினரும் (புராட்டஸ்டண்ட்) வருவார்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. கத்தோலிக்கத் தமிழில் பிஷப் ‘ஆயர்’, ஆர்ச்பிஷப் ‘பேராயர்’. சீர்திருத்தச் சபைகளின் தமிழிலோ பிஷப்பையே ‘பேராயர்’ என்கிறார்கள். எந்த வழக்கைப் பின்பற்றுகிறீர்கள் என்று முன்னுரையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.