எந்தக் குட்டி யாருடையது?

வணக்கம்.

சென்ற கட்டுரையில், 'எந்தக் குட்டி யாருடையது என்று குரங்குகளுக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தீர்கள். 'தெரியும்' என்பது பெரிய வார்த்தை இல்லையா? விலங்குகள் உள்ளுணர்வால் இயங்குகின்றன. நாம்தான் நம் மனதை அவற்றின் மேல் ஏற்றிப் பார்க்கிறோம். கணக்குப் போட்ட குதிரையின் கதையை நினைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரி, குதிரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டித் தட்டி விடை சொன்னது. 1904இல் ஒரு குழு வந்து பார்த்தது. மோசடி எதுவும் அகப்படவில்லை. அப்புறம் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற உளவியலாளர், கேட்பவருக்கே விடை தெரியாதபடி கேள்விகளை அமைத்தார். குதிரை திணறிவிட்டது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் லேசாக நிமிரும். அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அதற்குக் கணக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு குழுவே கவனிக்கத் தவறிய அசைவை அது கவனித்தது! இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இனி குரங்குகள். கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர்கள் டோரதி செனியும் ராபர்ட் செய்ஃபார்த்தும். ஒரு குட்டியின் அலறலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். மறைத்து வைத்த ஒலிபெருக்கியில் அதைப் போட்டபோது அருகில் மூன்று பெண் குரங்குகள். ஒன்று அந்தக் குட்டியின் தாய். மற்ற இரண்டும் வேறு குட்டிகளின் தாய்கள். தாய் சத்தம் வந்த பக்கம் பார்த்தது, இது எதிர்பார்த்ததுதான். மற்ற இரண்டும் பார்த்தது தாயை.

குரல் யாருடையது, அந்தக் குட்டி யாருடையது என்ற இரண்டும் கைவசம் இல்லாமல் இது நடக்காது. 1980இல் வெளியான ஆய்வு இது. 'தாய்மை' என்றொரு கருத்து குரங்கின் மனதில் இருக்கிறதா என்றால், இந்தச் சோதனை அவ்வளவு தூரம் போகவில்லை; அந்த அளவில் உங்கள் எச்சரிக்கையை ஏற்கிறேன். இன்னார் குட்டி என்று அடையாளம் காண்பதற்கு 'தெரியும்' என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் இல்லை.

உள்ளுணர்வு என்று சொல்லி முடித்துவிடவும் முடியவில்லை. இதே குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என்று தனித்தனியாக எச்சரிக்கை எழுப்பும். சிறுத்தைக் குரல் கேட்டால் மரமேறும், கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்க்கும், பாம்புக் குரலுக்குப் பின்னங்கால்களில் எழுந்து நின்று தரையைத் தேடும். பிறவியிலேயே குட்டிக்கு இதில் ஓரளவு வந்துவிடுகிறது. மேலே பறக்கும் ஒன்றைக் கண்டால் அது எழுப்புவது கழுகுக் குரல்தான், பாம்புக் குரல் அல்ல. ஆனால் தீங்கு செய்யாத பறவைக்கும் அது கத்தும், உதிர்ந்து விழும் இலைக்கும் கத்தும். வளர வளரத்தான் எந்தப் பறவைக்குக் கத்த வேண்டும் என்பது அதற்குப் பிடிபடுகிறது.