பலகையை உடைத்தது யார்? – ஆச்சி பதில்கள்

கேள்வி: ஆச்சி, 'ஹிடன் ஃபிகர்ஸ்' படம் பார்த்தேன். கருப்பினப் பெண்களுக்கென்று மாட்டிய கழிப்பறைப் பலகையை அந்த வெள்ளைக்கார அதிகாரி கடப்பாரையால் அடித்து நொறுக்கும் இடத்தில் அழுதுவிட்டேன். அது நிஜமாகவே நடந்ததா?
– கல்லூரி மாணவி, தேவகோட்டை

நடக்கவில்லை ஆத்தா. பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. படத்தில் கணக்குப் போடும் கருப்பினப் பெண் கேத்தரின் ஜான்சன் கழிப்பறைக்காக மழையில் ஓடுகிறார், நனைந்து திரும்புகிறார், எல்லார் முன்னாலும் வெடிக்கிறார். பிறகு அதிகாரி பலகையை உடைக்கிறார்.

நிஜ கேத்தரின், பின்னால் நாசாவோடு சேர்ந்த அமெரிக்காவின் லாங்லி ஆய்வு மையத்தில் 1953இல் சேர்ந்தவர். வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தில் பலகை எதுவும் இல்லாத ஒரு கழிப்பறை இருந்தது, அதற்கே போய்வந்தார். அது வெள்ளைக்காரப் பெண்களுக்கு உள்ளது என்று பின்னால் பேச்சு வந்தபோதும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்டு, கூட வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெண்களின் சிரிப்புக்கு ஆளானவர், அங்கே வேலை பார்த்த இன்னொரு கருப்பினப் பெண் மேரி ஜாக்சன். கருப்பினப் பெண்களைத் தனியாக உட்கார வைத்திருந்த பிரிவையே 1958இல் நாசா உருவானபோது மூடிவிட்டார்கள். படம் காட்டும் காலமோ 1961.

படத்தில் பெண் அழுகிறாள், ஆண் வந்து உடைக்கிறான். நிஜத்தில் அவளே நடந்துபோய்க் கதவைத் திறந்திருக்கிறாள். அதை ஏன் மாற்றினார்கள் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

படத்தில் வராத ஒருத்தரையும் சொல்லிவிடுகிறேன். மிரியம் மான். 1940களில் அதே இடத்தில் கையால் கணக்குப் போட்டுக் கொடுத்தவர். சாப்பாட்டுக் கூடத்தில் இவர்களுக்கென்று கடைசியில் ஒரு மேசை, அதன்மேல் 'கருப்பினக் கணக்காளர்கள்' என்று ஓர் அட்டை. மிரியம் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். புது அட்டை வந்தது. அதையும் எடுத்தார். வேலை போய்விடும் என்று வீட்டுக்காரர் பயந்திருக்கிறார். இவர் விடவில்லை. ஒருநாள் அட்டை வருவது நின்றே போனது. முப்பது வருஷத்துக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தப் பெயர் வகுப்பில் இருந்த காலத்தில் தெரியாமல் போனதே என்று இருக்கிறது.

கேள்வி: தமிழில் அந்தக் காலத்திலேயே இப்படிப் படம் உண்டா?
– வாசகர், திருப்பத்தூர்

1939இல் வந்த 'தியாகபூமி' பாருங்கள். கல்கியின் கதை, கே. சுப்ரமண்யம் இயக்கம். மனைவியை ஒதுக்கிவைத்த கணவன், அவள் வசதியான பிறகு சேர்ந்து வாழ வேண்டும் என்று வழக்குப் போடுகிறான். வேண்டுமானால் ஜீவனாம்சம் தருகிறேன், வரமாட்டேன் என்கிறாள் சாவித்திரி. புயலில் வீடிழந்த அரிசனங்களுக்கு இடம் கொடுத்ததற்காக அவள் அப்பாவையும் ஊர் ஒதுக்குகிறது. வெள்ளைக்கார அரசு படத்தைத் தடை செய்தது.

கேள்வி: அமெரிக்கக் கதை இருக்கட்டும் ஆச்சி. நம் செட்டிநாட்டு வீடுகளில் எந்தப் பெண் எதிர்த்து நின்றாள்?
– வாசகி, காரைக்குடி

எங்கள் அப்பத்தா நின்றார்.

வீட்டின் பின்கட்டில், தோட்டத்துக்குப் போகும் நிலைப்படிக்கு வெளியே ஓர் ஆணி. அதில் ஓர் எவர்சில்வர் தம்ளர் கவிழ்ந்து தொங்கும். கொல்லை கூட்ட வருகிறவருக்கு மோர் ஊற்றுவது அதில்தான். அவரே கழுவி அவரே மாட்ட வேண்டும். அப்பத்தாவோ வளவை, அதாவது உள்கட்டை, தாண்டி முகப்புக்கு வராதவர். ஆண்கள் பேசும் இடத்தில் அவர் குரலை நான் கேட்டதில்லை.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும். அந்தத் தம்ளரை அப்பத்தா எடுத்துவந்து அடுப்படியில் மற்ற தம்ளர்களோடு கவிழ்த்துவைத்தார். சாயங்காலம் ஐயா, அதாவது அப்பத்தாவின் வீட்டுக்காரர், பார்த்துவிட்டு ஆணியில் மாட்டச் சொன்னார். மறுநாள் காலையில் அது மறுபடி அடுப்படியில் இருந்தது. இப்படி எத்தனையோ நாள். அப்பச்சி, அதாவது என் அப்பா, கொண்டுவிக்க, கடல் கடந்து வியாபாரம் பண்ண, போயிருந்ததால் நடுவில் பேச ஆளில்லை.

அந்தத் தம்ளரைச் சுலபமாக அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் விலாசம், அதாவது குடும்பத்துப் பெயரின் முதலெழுத்துகள், வெட்டியிருக்கும், கரண்டி முதற்கொண்டு. அதில் மட்டும் இருக்காது.

ஊருக்குள் பெயர் வெட்டுகிறவர் வந்த அன்றைக்கு அப்பத்தா என்னைத்தான் அனுப்பினார். அவர் திண்ணையில் தம்ளரைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு, சின்ன உளியால் புள்ளி புள்ளியாக எங்கள் விலாசத்தைக் கொத்தினார். விளிம்புக்குக் கீழே எழுத்து வரிசையாக எழும்பியதை நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கொண்டுபோய்க் கொடுத்ததும் அப்பத்தா எழுத்தின் மேல் விரலால் தடவிப்பார்த்தார். பிறகு மற்றத் தம்ளர்களோடு சேர்த்து அடுக்கினார்.

அன்று சாயங்காலம் ஐயா அடுப்படி வாசலில் நின்று ஒவ்வொரு தம்ளராகத் திருப்பிப் பார்த்தார். எது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.