திருப்பிப்போடாத அப்பம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நீங்க எரேமியா பத்தி எழுதினதப் படிச்சிட்டு பைபிள்ல ஓசியா தீர்க்கதரிசி புத்தகத்த எடுத்தேன். 14 அதிகாரம்தானே, ஒரு ராத்திரில முடிச்சிடலாம்னு நெனச்சேன், மூணாவது அதிகாரத்துலயே மூடி வச்சிட்டேன். சண்டே ஸ்கூல்ல சொன்னது "விக்கிரகத்தக் கும்பிடாதே"ன்னு ஒரே வரி. உள்ள போனா ஒரு புருஷன், சோரம் போன பொண்டாட்டி, துணிய உரிச்சுப்புடுவேன், வழிய முள்ளால அடைப்பேன்னு மிரட்டல், அப்புறம் திடீர்னு கொஞ்சல். சிலைய கும்பிட்டதுக்கு எதுக்கு இந்தக் கள்ள உறவுக் கதை? ஓசியாவோட பொண்டாட்டி கோமேர் ஒரு வார்த்தையாவது பேசுறாளா? இத எப்படி அன்புன்னு வாசிக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இல்ல, கோமேர் பேசவே இல்ல. ரெண்டாம் அதிகாரத்துல அந்தப் பொண்ணு வாயில வர்ற பேச்சுகூட புருஷன் சொல்லி நாம கேக்குறதுதான். அவளப் பத்தி நமக்குத் தெரிஞ்சது அப்பா பேரு திப்லாயிம், மூணு பிள்ளைங்க, அதுல ரெண்டு பேருக்கு 'இரக்கம் பெறாதவள்', 'என் ஜனமல்ல'ன்னு பேரு (பாவம், தெருவுல விளையாடுற பிள்ளைய அப்படிக் கூப்பிட்டிருப்பாங்களா!), மூணாம் அதிகாரத்துல 15 வெள்ளிக்காசும் கொஞ்சம் வாற்கோதுமையும் குடுத்து ஓசியா ஒரு பொம்பளைய வாங்குறாரு, அங்க பேருகூட இல்ல, கோமேர்தான்னு நாமளா சேர்த்துப் படிக்கிறோம். உங்களுக்கு வந்த கோபம் நியாயமான கோபம், அத விட்டுடாதீங்க, கடைசியில அதுக்கு வர்றேன்.

ஏன் புருஷன் பொண்டாட்டி கதைன்னா, அதுல புருஷன் கர்த்தரு, பொண்டாட்டி இஸ்ரவேல் ஜனம், கள்ளக்காதலன் அவங்க கும்பிட்ட பாகால் தெய்வம், அந்த பாகால்ங்கிற சொல்லுலயே அது இருக்கு. எபிரேயத்துல அது சாமி பேரு மட்டுமில்ல, சொந்தக்காரன், எஜமான், புருஷன் எல்லாத்துக்கும் அதே சொல்லுதான். சவுல் ராஜா தன் பிள்ளைக்கே எஸ்பால்னு பேரு வச்சிருக்காரு, நாளாகமத்துல அப்படியே இருக்கு, சாமுவேல் புத்தகத்துல பாத்தா அதே ஆளு இஸ்போசேத்னு வருவாரு, போசேத்னா வெட்கம், பின்னால வந்தவங்க கூச்சப்பட்டு மாத்திட்டாங்க. அதனாலதான் ஓசியா 2:16-ல, இனிமே நீ என்னை 'பாகாலி'ன்னு கூப்பிட மாட்ட, 'ஈஷி'ன்னு கூப்பிடுவன்னு வருது. நம்ம பழைய தமிழ் பைபிள் ரெண்டையும் மொழிபெயர்க்காம அப்படியே விட்டுருச்சு, நானும் ரொம்ப நாள் ஏதோ ஊர்ப்பேருன்னு நெனச்சித் தாண்டிப் போயிருக்கேன். பாகாலின்னா என் எஜமான், ஈஷின்னா என் ஆளு, என் மனுஷன். அங்க சண்டையே எந்த உறவுங்கிறதுதான்.

அப்புறம் மழை. எகிப்துக்கு நைல் இருக்கு, இஸ்ரவேல் மலைநாட்டுக்கு முன்மாரியும் பின்மாரியும் விட்டா கதியில்ல. சிரியா கடலோரம் ராஸ் ஷம்ரால 1929-ல தோண்ட ஆரம்பிச்சப்ப கிடைச்ச களிமண் பலகைகள்ல பாகால் மேகத்து மேல ஏறிவர்ற புயல் தெய்வம். ஆக விவசாயி யேகோவாவ, அதாவது கர்த்தர, விட்டுட்டு ஒன்னும் ஓடிப்போகல, கர்த்தரு எகிப்துலருந்து கூட்டிட்டு வந்தவரு, அது சரி, மழைக்கு பாகால்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வைப்போம்னு ரெண்டு பக்கமும் கால் வச்சான். சினாய் பக்கம் குந்திலத் அஜ்ருத்ல 1975-76-ல எடுத்த ஒரு பெரிய ஜாடில "சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்"னு ஆசீர்வாதமே எழுதியிருக்கு (யாவேன்னா யேகோவாதான், அசேரா ஒரு பெண் தெய்வத்தோட பேரு), ஓசியா காலத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அது. ஓசியா வாயில கர்த்தர் புலம்புறதும் இதேதான், தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் குடுத்தது நான், அது அவளுக்குத் தெரியல. சிலை எந்தக் கல்லுல இருந்துச்சுங்கிறத விட, கைல இருக்கிற சோறு யாரு குடுத்ததுன்னு மறந்ததுதான் அவருக்கு வலிக்குது.

சண்டே ஸ்கூல்ல சொல்லாத இன்னொன்னு, ஓசியா லிஸ்ட்ல கள்ளக்காதலன் பாகால் மட்டுமில்ல, அசீரியா பேரரசும்தான். இஸ்ரவேல் ராஜா மெனாகேம் தன் நாற்காலி நிலைக்க அசீரியா ராஜாவுக்கு 1000 தாலந்து (அந்தக் கால எடை அளவு) வெள்ளி கப்பம் கட்டினாரு, ஆளுக்கு 50 சேக்கல்னு பணக்காரங்க தலையில வசூல், தாலந்துக்கு 3000 சேக்கல்னு கணக்குப் போட்டா 60,000 பேர்கிட்ட வாங்கியிருக்கணும். அப்படியே எகிப்துகிட்டயும் கண்ணடிக்கிறது. இதப் பாத்துதான் ஓசியா, எப்பிராயீம் (இஸ்ரவேலோட வட ராஜ்யத்துக்கு அவர் சொல்ற பேரு) புத்தியில்லாத புறாங்கிறாரு, திருப்பிப்போடாத அப்பம்ங்கிறாரு. தோசக்கல்லு முன்னாடி நின்னவங்களுக்கு இத விளக்கவே வேணாம், ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மாவு. 'திருப்பி'ன்னதும் மனந்திரும்புதல் ஞாபகம் வருது, அது தமிழ்ல மட்டும் அமைஞ்ச அழகு, எபிரேயத்துல ரெண்டும் வேற வேற சொல்லு.

மனந்திரும்புதலும் இந்த ஆளுகிட்ட சுலபமில்ல. ஆறாம் அதிகாரத்துல ஜனங்க "வாருங்கள், கர்த்தரிடத்தில் திரும்புவோம்"னு அழகா பாடுறாங்க, ரெண்டு நாள்ல உயிர்ப்பிப்பாரு, மூணாம் நாள் எழுப்புவாருன்னு. கர்த்தரோட பதிலு என்ன? உங்க பக்தி காலைல வர்ற மேகம் மாதிரி, விடிஞ்சா காணாமப் போற பனி மாதிரி. 14-ம் அதிகாரம் வேற மாதிரி, அங்க வார்த்தைகளக் கொண்டு வாங்கன்னு சொல்லி அந்த வார்த்தைகளையும் அவரே எழுதிக் குடுக்கிறாரு: அசீரியா எங்கள காப்பாத்தாது, குதிரை மேல ஏற மாட்டோம், எங்க கை செஞ்சத எங்க தேவன்னு சொல்ல மாட்டோம். கூட்டணி, ராணுவம், சிலை மூணும் ஒரே மூச்சுல! ஆனா அந்த வட ராஜ்யம் அத சொல்லல, கி.மு. 722 வாக்குல அதோட தலைநகரம் சமாரியா அந்த அசீரியா கையிலயே விழுந்துச்சு.

இப்ப உங்க கோபம். அந்த மிரட்டல நான் பூசி மெழுக மாட்டேன், எசேக்கியேல் 23 இதவிட மோசம், அத சபைல சத்தமா வாசிச்சு நான் கேட்டதில்ல. ஆனா மூணோட மூடி வச்சிட்டீங்க, 11-க்குப் போங்க. அங்க புருஷனே இல்ல, பிள்ளைக்குக் கை புடிச்சு நடை பழக்குற பெத்தவரு, "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்"னு தடுமாறுறவரு. கோபத்தக் காட்ட மாட்டேன்னு சொல்லிட்டு அதுக்கு ஒரு காரணம் சொல்றாரு, "நான் மனுஷனல்ல, தேவனாயிருக்கிறேன்". அந்த 'மனுஷன்'க்கு எபிரேயத்துல ஈஷ். ஈஷின்னு கூப்பிடச் சொன்னாரே, அதே ஈஷ்.